'சுபம்' காணாமற்போன கதை



பழைய தமிழ்த் திரைப்படம் ஒன்றை நினைவிற்குக் கொண்டுவாருங்கள். பிரிந்தவர் கூடி, குடும்பமே வரிசையாக நின்று சிரிக்கும் வேளையில் திரையில் பெரிய எழுத்துகளில் ஒரு சொல் தோன்றும்: 'சுபம்'. சில படங்களில் 'வணக்கம்' என்றிருக்கும். சிலவற்றில் 'முற்றும்' என்றிருக்கும். அச்சொல்லைக் கண்டதும் அரங்கில் விளக்குகள் எரியும். இருட்டில் கழற்றிவிட்ட செருப்பைக் கால்கள் துழாவும். உறங்கிப்போன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புவர். "போதும், எழுந்திரு" என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் குறுங்காணொளிகளில் அச்சொல் இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது. அதை விரலால் மேலே தள்ளினால் இன்னொன்று. "ஏன் இந்தப் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியவில்லை?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கின்றனர். இக்கேள்விக்கான விடையைப் பிள்ளையின் குணத்தில் மட்டும் தேடுவது நியாயமாகாது. அதன் பெரும்பகுதி வரலாற்றில் இருக்கிறது. 'சுபம்' எப்போது, எவ்வாறு காணாமற்போனது, அதை மீட்க நீதிமன்றங்களும் அரசுகளும் என்ன செய்தன, நம் வீட்டிலும் வகுப்பறையிலும் நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே வரிசைப்படுத்த விழைகிறேன்.

முடிவு இருந்த காலம்

'ரீல்' என்னும் சொல் இன்று இன்ஸ்டாகிராமின் பெயரால் பிள்ளைகள் நாவில் புரள்கிறது. "சும்மா ரீல் விடாதே" என்று நாம் ஒருவரை ஒருவர் கேலி செய்வோமே, அதுவும் அதே சொல்தான். அதன் முதற்பொருள் படச்சுருள். 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒன்றின் வழக்கமான நீளம் 1,000 அடி. பேசும் படங்களில் அது ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஓடும். சுருள் தீர்ந்தால் படமும் தீரும். காட்சிக்கு முடிவு என்பது அந்தப் பொருளின் உடலிலேயே இருந்தது.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அதற்குப் பின் வந்த படங்கள் நீண்டுகொண்டே சென்றன. மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடியவையும் உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது படச்சுருளுக்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. 1943-இல் இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு, கதைப்படம் எதுவும் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என வரையறுத்தது. கணக்கிட்டால் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். மட்டாகப் பார்க்க வேண்டும் என்ற அக்கறையால் அவ்விதி பிறக்கவில்லை; சுருள் கிடைக்காத தட்டுப்பாட்டால் பிறந்தது. ஆனாலும் ஒரு செய்தி இதில் தெளிவாகிறது. அன்று பார்ப்பதன் அளவை அடிக்கோல் கொண்டு அளக்க முடிந்தது.

இதழ்களுக்கு இன்னொரு சொல் இருந்தது: 'தொடரும்'. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'கல்கி' இதழில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் இருந்தவர்கள் அடுத்த இயலுக்கு ஒரு வாரம் காத்திருந்தனர். இதழைக் கடல் கடந்து பெற்ற மலாயாத் தமிழர்கள் அதற்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கு 'ரஜுலா' கப்பல் வந்துகொண்டிருந்த காலம் அது. காத்திருந்த நாள்களில் என்ன செய்தார்கள்? படித்ததை வீட்டில் பேசினார்கள். அடுத்து என்ன நேரும் என்று தாமே கற்பனை செய்தார்கள். இடைவெளி வீணாகவில்லை, படித்தது மனத்தில் ஊறியது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978-இல் அதே நாளில் வண்ணம் வந்தது. என் வயதினருக்கு அந்த இரவு நேரம் நன்றாக நினைவிருக்கும். நிகழ்ச்சிகள் முடிந்ததும் 'நெகாராகூ' ஒலிக்கும். பிறகு திரையில் புள்ளிகள் மட்டும் இரைச்சலோடு பறக்கும். அதன்பின் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். அங்கே வெள்ளிக்கிழமை மாலையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஒளியும் ஒலியும்' பாடல் நிகழ்ச்சிக்காகத் தெருவே காத்திருக்கும். அரை மணி நேரத்தில் அது முடிந்துவிடும். மறுபடி பார்க்க ஏழு நாள் ஆகும்.

"அந்தக் காலத்திலும் பெரியவர்கள் சினிமாவைத் திட்டினார்கள், தொலைக்காட்சியைத் திட்டினார்கள், இன்று கைப்பேசியைத் திட்டுகிறார்கள். இது எல்லாத் தலைமுறைக்கும் உரிய புலம்பல்தானே?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. புதிய ஊடகம் வரும்போதெல்லாம் அச்சம் எழுந்தது உண்மையே. அந்த அச்சங்களுள் பல மிகையானவை என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. திரைப்படமும் வார இதழும் அக்காலத் தொலைக்காட்சியும் தாமாகவே முடிந்தன. பார்ப்பவன் தன் மனவலிமையால் அவற்றை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்கிறோம். அன்று அளவைப் பொருளே காட்டியது. இன்று அளவைக் காட்டும் வேலை பத்து வயதுக் குழந்தையின் தலையில் விழுந்திருக்கிறது.

முடிவை அகற்றியவர்கள்

இணையத்திலும் தொடக்கத்தில் முடிவு இருந்தது. தேடல் முடிவுகளின் அடியில் 1, 2, 3 என்று பக்க எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்துத்தான் சொடுக்குவோம். 2006-ஆம் ஆண்டில் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் அடியை நெருங்கும்போதே அடுத்த பகுதி தானாக வந்து சேரும் முறையை உருவாக்கினார். பயனருக்கு வேலையை எளிதாக்குவதே அவர் நோக்கம். அம்முறை சமூக ஊடகங்களில் பரவியபின் விளைந்ததைக் கண்டு பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். தொழில்நுட்பம் மனிதருக்கு இணக்கமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஓர் அமைப்பை 2018-இல் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

அடிமுடிவு போன பின்னர், காணொளியின் நீளமும் சுருங்கியது. 2013 ஜனவரியில் வெளிவந்த 'வைன்' செயலி ஆறு வினாடிக் காணொளிகளைக் கொண்டது. 2017 ஜனவரியில் அது மூடப்பட்டது. 2014-இல் சீனாவின் ஷாங்காய் நகரிலிருந்து 'மியூசிக்கலி' வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் பெர்லினிலிருந்து 'டப்ஸ்மாஷ்' வந்தது. திரைப்பட வசனத்துக்கு வாயசைத்து நடிக்கும் டப்ஸ்மாஷ் 2015-இல் தமிழ் இளையோரிடையே பெரும் மோகமாக இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்காணொளிகளை நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தனர். அனுப்புவதற்கு நண்பர் வேண்டும். ஆகையால் அதற்கு ஓர் எல்லையும் இருந்தது.

அந்த எல்லையையும் டிக்டாக் தாண்டியது. சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் 2016 செப்டம்பரில் 'டோயின்' என்னும் செயலியைத் தன் நாட்டில் வெளியிட்டது. மறு ஆண்டே அதை டிக்டாக் என்ற பெயரில் வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்றது. 2017 நவம்பரில் மியூசிக்கலியை விலைக்கு வாங்கி, 2018 ஆகஸ்டில் இரண்டையும் ஒன்றாக்கியது. இச்செயலியைத் திறந்தவுடன் ஒரு காணொளி ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் யாரையும் பின்தொடர வேண்டியதில்லை. எதையும் தேட வேண்டியதில்லை. எதில் சற்று நின்றீர்கள், எதை உடனே தள்ளினீர்கள் என்பதை வைத்து, அடுத்து எதைக் காட்டலாம் என்று கணினியே முடிவு செய்யும். தேர்ந்தெடுக்கும் வேலையும் நிறுத்தும் வேலையும் ஒருசேரப் பயனரின் கையைவிட்டுப் போயின.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உளவியல் படித்தவர்களுக்கு பி.எஃப். ஸ்கின்னரின் புறாக்கள் நினைவுக்கு வரலாம். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்தால் புறா வயிறு நிறைந்ததும் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி செய்தால், அது விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை முற்றிலும் நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தும். சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் கதையும் இதுதான். குறுங்காணொளியில் பத்துக்கு ஒன்றுதான் உண்மையில் சுவையாக இருக்கிறது. அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாததே விரலை ஓயவிடாமல் வைக்கிறது. பிள்ளையை "அடங்காதவன்" என்று ஏசுவதற்கு முன் இதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரையில் ஒரு வழக்கு

இச்செயலிக்கு உலகில் எழுந்த தொடக்ககால எதிர்ப்புகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று தமிழ் மண்ணில் எழுந்தது. 2019 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றத்தில் இது குறித்து வினா எழுப்பப்பட்டது. டிக்டாக்கைத் தடை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொள்வோம் என்று அப்போதைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மணிகண்டன் பதிலளித்தார். அடுத்து, மதுரை வழக்கறிஞர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இச்செயலி பண்பாட்டைச் சீரழிக்கிறது, ஆபாசத்துக்கு இடமளிக்கிறது, சிறுவர்களை முன்பின் அறியாதவர்களிடம் கொண்டு சேர்க்கிறது என்பன வழக்கின் முதன்மைக் கவலைகள்.

2019 ஏப்ரல் 3-ஆம் நாள் நீதிபதிகள் கிருபாகரனும் சுந்தரும் இடைக்கால ஆணை பிறப்பித்தனர். டிக்டாக்கைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்க வேண்டும், அதில் உருவான காணொளிகளை ஊடகங்கள் ஒளிபரப்பக் கூடாது என்று அவ்வாணை கூறியது. ஏப்ரல் நடுப்பகுதியில் கூகுளும் ஆப்பிளும் தம் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து அதை அகற்றின. நிறுவனம் உச்சநீதிமன்றத்தை நாடியது. உயர்நீதிமன்றம் ஏப்ரல் 24-ஆம் நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், இல்லையேல் தடை தானாக நீங்கும் என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. அதே 24-ஆம் நாள் மதுரைக் கிளை தடையை விலக்கிக்கொண்டது. ஆபாசமான காணொளிகள் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

மூன்று வாரம் நீடித்த இத்தடையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தடை புதிய பதிவிறக்கத்துக்கு மட்டுமே. முன்பே கைப்பேசியில் செயலியை வைத்திருந்தவர்கள் வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தனர். இரண்டாவது, வழக்கு பெரிதும் 'எதைப் பார்க்கிறார்கள்' என்பதைப் பற்றியதாகவே இருந்தது. 'எவ்வளவு பார்க்கிறார்கள், ஏன் நிறுத்த முடியவில்லை' என்ற கேள்வி பின்னால் தங்கிவிட்டது. ஆபாசம் முழுவதையும் அகற்றிவிட்டாலும், நல்ல காணொளிகளையே நள்ளிரவு வரை தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உறக்கம் கெடத்தான் செய்யும்.

செயலி போனது, பழக்கம் தங்கியது

ஓராண்டு கழித்து மிகப் பெரிய தடை வந்தது. 2020 ஜூன் 15-ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்டன. அதைத் தொடர்ந்து ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அவற்றுள் ஒன்று. அப்போது இந்தியாவில் அதற்கு ஏறத்தாழ 200 மில்லியன் பயனர்கள் இருந்தனர்.

ஒரே இரவில் அத்தனை பேரின் கையிலிருந்து ஒரு பொழுதுபோக்கைப் பறித்தால் என்ன நிகழும்? வரலாறு நமக்காகச் செய்து காட்டிய சோதனை இது. சில நாள்களிலேயே 'மோஜ்' போன்ற இந்தியச் செயலிகள் அந்த இடத்துக்கு வந்தன. ஜூலை 8-ஆம் நாள் இன்ஸ்டாகிராம் தன் 'ரீல்ஸ்' வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. செப்டம்பரில் யூடியூப் தன் 'ஷார்ட்ஸ்' வசதியின் முன்னோட்டத்தை இந்தியாவில்தான் தொடங்கியது; மறு ஆண்டு அது உலகெங்கும் விரிந்தது. இன்று பினாங்கில் டிக்டாக் இல்லாத கைப்பேசியிலும் ஷார்ட்ஸ் ஓடுகிறது. ஆகவே "எங்கள் வீட்டில் டிக்டாக் கிடையாது" என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர், பிள்ளையின் யூடியூப்பையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.

இழப்பும் நேர்ந்தது. படத்துறையிலோ தொலைக்காட்சியிலோ யாரையும் தெரியாத சிற்றூர்க் கலைஞர்களும் உழைப்பாளிகளும் டிக்டாக்கில் ஆடினர், பாடினர், நகைச்சுவை செய்தனர். அவர்களுக்குக் கிடைத்த அந்த மேடை ஓரிரவில் மறைந்தது. குறுங்காணொளியை ஒட்டுமொத்தமாகத் தீயது என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அதன் குறுமை குற்றமன்று. விடுகதையும் பழமொழியும் குறுகியவையே. ஒரு விடுகதையைச் சொன்னவர் அடுத்ததைச் சொல்லுமுன் விடைக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புத்தான் குறுங்காணொளியில் விடுபட்டுப்போனது.

கடிகாரம் கொண்டு கட்டுப்படுத்துதல்

தடைக்கு மாற்றாக நேர வரம்பு என்னும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 2021 செப்டம்பரில் சீனாவின் டோயின், 14 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 40 நிமிடங்கள் மட்டுமே பார்க்கலாம் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பார்க்கவே முடியாது என்றும் விதித்தது. அடுத்த மாதம் அது இன்னொன்றையும் செய்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்போருக்கு இடையிடையே ஐந்து வினாடி நிறுத்தத்தை நுழைத்தது. பிடுங்கி எறிந்த 'சுபத்தை' ஐந்து வினாடிக்கேனும் திரும்ப ஒட்டவைக்கும் முயற்சி என்றே இதைச் சொல்வேன். டிக்டாக் நிறுவனமும் 18 வயதுக்குட்பட்டோர் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட வரம்பு தானாகவே அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தது. ஆனால் கடவுக்குறி ஒன்றை இட்டால் மேலும் தொடரலாம்.

நம் நாட்டின் கதை 2020 மார்ச் 18-ஆம் நாள் திசை மாறியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. பாடம் கைப்பேசி வழியே வந்தது. அதுவரை கைப்பேசி தரக்கூடாது என்று உறுதியாக இருந்த பெற்றோரும் வாங்கித் தர நேர்ந்தது. பள்ளிகள் மீண்டும் திறந்தன. கைப்பேசி மட்டும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்று வேறு வழி இருக்கவில்லை.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் பலராலும் அறியப்பட்ட இளம் தமிழ்ப்பெண் ஒருவர் இணையவழி வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி உயிர்நீத்தார். அவரை இழிவுபடுத்தியவருள் ஒருவருக்கு 100 ரிங்கிட் மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டபோது நாடெங்கும் சினம் எழுந்தது. பகடிவதையைத் தண்டிக்கும் புதிய பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025-இல் நடைமுறைக்கு வந்தன. 2025 ஜனவரி 1 முதல், நம் நாட்டில் எட்டு மில்லியனோ அதற்கு மேலோ பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுப்பது என்ற அரசின் முடிவைத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் அத்தகைய சட்டம் 2025 டிசம்பர் 10-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. டிக்டாக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் சொந்த விதிப்படியே கணக்குத் தொடங்கக் குறைந்த வயது 13. நம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிப்போர் 7 முதல் 12 வயதினர். அவர்களில் எவருக்கும் இவற்றில் கணக்கு இருக்கவே கூடாது. இருந்தால், பிறந்த ஆண்டு மாற்றிப் பதியப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரியவராகப் பதிந்த பிள்ளைக்கு 60 நிமிட வரம்பும் வராது. சிறுவருக்கான பிற காவல்களும் வரா. பெற்றோரின் கைப்பேசியையே வாங்கிப் பார்க்கும் பிள்ளைக்கும் இதே நிலைதான். அச்செயலிக்குத் தெரிந்தது அப்பாவின் வயதும் அப்பாவின் விருப்பங்களுமே. சட்டம் வாசல் வரை வந்து காவல் நிற்கும். கதவை நாமே உள்ளிருந்து திறந்துவிட்டால் அக்காவலால் பயன் என்ன?

வகுப்பறையில் தெரிவது

வகுப்பில் கதை சொல்லும் நேரத்தில் அண்மைய ஆண்டுகளில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். மாணவர்கள் உற்சாகமாகத் தொடங்குகின்றனர். பேச்சில் தயக்கமில்லை, தமிழ்நாட்டு வழக்குச் சொற்கள்கூடச் சரளமாக வருகின்றன. ஆனால் "அப்புறம்... அப்புறம்..." என்று நிகழ்ச்சிகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. முடிவு வருவதில்லை. "சரி, இறுதியில் என்ன ஆனது?" என்று கேட்டால் திகைத்து நிற்கின்றனர். சிலர் இன்னொரு கதையைத் தொடங்கிவிடுகின்றனர். கட்டுரையிலும் முடிவுரை இரண்டு வரியில் நொடித்துவிடுகிறது. இதற்குக் குறுங்காணொளி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாசிப்பு குறைந்ததும், வீட்டில் கதை சொல்லும் பாட்டி இல்லாததும் காரணங்களாக இருக்கலாம். ஆயினும் தொடக்கமும் முடிவும் உள்ள கதைகளைக் கேட்டு வளராத பிள்ளை, அத்தகைய கதையைச் சொல்ல எங்கே கற்கும்?

கணக்குப் பாடமாகவும் இதை ஒருமுறை செய்தோம். ஒரு காணொளி 30 வினாடி என்றால், 30 நிமிடப் பாடவேளை ஒன்றில் எத்தனை பார்க்கலாம்? அறுபது. "நேற்றுப் பார்த்ததில் எத்தனை நினைவிருக்கிறது?" என்று கேட்டேன். நான்கு சொன்னவன் ஒருவன். பெரும்பாலோர் ஒன்றோ இரண்டோ சொன்னார்கள். மாணவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். அன்று நான் அறிவுரை எதுவும் கூறவில்லை; கரும்பலகையில் இருந்த எண்களே போதுமானவையாக இருந்தன.

முடிவை நாமே எழுதுவோம்

வரலாறு காட்டுவது இதுதான். தடை ஒரு செயலியை அகற்றும், பழக்கத்தை அகற்றாது. நேர வரம்பு உதவும். அதைத் தாண்டவும் வழியுண்டு. பொருளில் இருந்த முடிவு போய்விட்டதால், பார்ப்பவரோடு சேர்ந்து அந்த முடிவை வீடுதான் உண்டாக்க வேண்டும். நான் கடைப்பிடிப்பவற்றையும், பெற்றோர் சிலர் செய்து பயன் கண்டவற்றையும் கீழே தருகிறேன்.

1. தொடங்குமுன் முடிவைப் பேசுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 'இருபது நிமிடம்' என்பது விளங்காது, எண்ணிக்கை விளங்கும். "பத்துக் காணொளி, பத்தாவது முடிந்ததும் கைப்பேசி அலமாரிமேல்" என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பாதியில் பிடுங்குவது சண்டையில் முடியும். பிள்ளை தானே எண்ணி நிறுத்தினால் அது பயிற்சி.

2. தேடிப் பார்க்கச் செய்யுங்கள். "கப்பல் எப்படி மிதக்கிறது?" என்று ஒரு கேள்வியோடு கைப்பேசியைத் திறந்த பிள்ளைக்கு, விடை கிடைத்ததும் முடிவும் கிடைக்கும். கேள்வி இல்லாமல் திறந்தவனுக்கு முடிவே இல்லை.

3. பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். இரவுணவின்போது அன்று பார்த்தவற்றுள் ஒன்றை மட்டும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று வாக்கியங்களில் தமிழில் சொல்லட்டும். நீங்களும் ஒன்றைச் சொல்லுங்கள். எதுவும் நினைவில் இல்லையெனில் அதுவும் ஒரு பாடமே.

4. இரவில் எல்லாக் கைப்பேசிகளும் வரவேற்பறையில் மின்னேறட்டும். 'எல்லா' என்பதில் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் அடங்கும். நாம் படுக்கையில் தள்ளிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு நாம் சொல்லும் சொல் எடுபடாது.

5. காணொளியைச் செய்யப் பழக்குங்கள். தமிழாசிரியர்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்வேன். 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதையே நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறாண்டு விழா எடுத்தோம். இச்செய்தியை ஒரு நிமிடக் காணொளியாக்கும்படி என் மாணவர்களுக்குப் பணி கொடுத்தேன். நூறு சொல்லில் உரை எழுத மூன்று நாள் ஆனது. எதை விடுவது என்று குழுவுக்குள் பெரும் வாக்குவாதம். உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி ஏழு முறை பதிவு செய்தனர். ஒரு நிமிடக் காணொளியின் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்க முடியும் என்பதைத் தாமே உணர்ந்தவர்கள், அடுத்தவர் காணொளியையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினர். "சார், இது எழுதி வைத்துப் பேசுகிறார்; இது சும்மா ஆட்களைப் பிடிக்கப் பேசுகிறார்" என்று பிரித்துச் சொன்னான் ஒருவன். விழிப்போடு பார்ப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒரு வீட்டில் ஒன்று பொருந்தும். இன்னொரு வீட்டில் மற்றொன்று பொருந்தும். இரவுப் பணிக்குச் செல்லும் பெற்றோருக்கும், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கும் வேறு வழிகள் தேவைப்படலாம். எதைத் தேர்ந்தாலும், "இத்துடன் இன்று முடிந்தது" என்று பிள்ளை தன் வாயால் சொல்லும் ஒரு தருணம் நாள்தோறும் இருக்கட்டும். அறிவியலாளரும் அரசும் நிறுவனங்களும் தத்தம் வேலையைச் செய்யட்டும். இந்தச் சிறு வேலை நம்முடையது.

மேற்சொன்ன மாணவர்களின் காணொளியில், கடைசி மூன்று வினாடிக்கு என்ன வைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். பழைய படங்களில் என்ன வரும் என்று சொன்னேன். வண்ணத்தாளில் பெரிதாக எழுதி, நால்வர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று ஒருத்தி கேட்டாள். நன்மை, மங்கலம் என்றேன். "முடிந்தால் நல்லது என்பதா, சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்,
பினாங்கு